நின்றுபோன மென்பொருளை நகல் எடுக்கலாமா? வடசென்னையில் புதிதாக டிடிபி கடை எடுப்பவர்களுக்கு

மண்ணடியிலோ ராயபுரத்திலோ பழைய டிடிபி கடை ஒன்றைச் சாமானோடு எடுத்திருக்கிறீர்கள். மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட சிஸ்டம் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதில் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7.0, ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு, பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் செருகிய டாங்கிள் (இது செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும்). இருபது வருட வாடிக்கையாளர்களின் பில் புக், கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். ஹார்டு டிஸ்க் டக் டக் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. “கம்பெனியே இதை இப்ப விக்கறதில்ல சார், காப்பி போட்டா யார் கேக்கப் போறாங்க?” என்பார் ஆபரேட்டர்.

கேட்பதற்கு ஆள் இருக்கலாம். விற்பனையை நிறுத்துவது வேறு, உரிமையை விடுவது வேறு. இந்திய பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் மென்பொருள் இலக்கியப் படைப்பு என்ற வகையில் வருகிறது. ‘கடையில் கிடைக்கவில்லை என்றால் நகல் எடுக்கலாம்’ என்று அதில் எங்கேயும் ஒரு வரி இல்லை. ஆனால் சட்டப்படி ஒரு நகலைக் கையில் வைத்திருப்பவருக்குச் சில கதவுகளை அதே சட்டம் திறந்தே வைத்திருக்கிறது. உங்கள் நகல் எப்படி வந்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். ஆகவே கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். 1-ஐ முடிக்காமல் 5-க்குத் தாவ வேண்டாம்.

தாள் தேடும் வேலைக்கு ஒரு வாரம், நகல் எடுக்க இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவதானால் இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

1. முதலில் தாளைத் தேடுங்கள்

தேட வேண்டியவை: வாங்கிய பில், அட்டைப்பெட்டி, அசல் சிடி அல்லது ஃபிளாப்பி, சீரியல் எண் ஒட்டிய உறை, கையேடு, உரிமச் சான்று, டாங்கிள், பதிவு செய்தபோது வந்த கடிதம். ஐந்தாறு கிடைத்தால் நல்லது. பில்லும் அசல் தட்டும் மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம். மார்க்கர் பேனாவால் ‘பிஎம்7 + ஃபான்ட்ஸ்’ என்று எழுதிய சிடி மட்டும்தான் இருக்கிறதென்றால் உங்களிடம் உரிமம் இல்லை. அதை நகல் எடுத்தால் திருட்டு நகலுக்கு இன்னொரு நகல், அவ்வளவுதான்.

பழைய பில்லைச் சரிபார்க்க ஒரு எளிய வழி. ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல் வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டில் வாட் இருந்தது. 2007 ஜனவரியிலிருந்து 33 என்று தொடங்கும் 11 இலக்க டின் எண் பில்லில் இருக்கும். அதற்கும் முந்தைய பில்களில் டிஎன்ஜிஎஸ்டி என்று ஒரு எண் அச்சாகியிருக்கும். பார்த்ததும் குழம்பாதீர்கள், அது பழைய தமிழ்நாடு பொது விற்பனை வரி எண். 2005-ஆம் ஆண்டுத் தேதி போட்ட பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருந்தால் அந்தப் பில் நேற்று அடித்தது. கடையை விற்றவர் அப்படி ஒன்றை நீட்டினால் மற்ற தாள்களையும் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பாருங்கள்.

தெர்மல் தாளில் வந்த பில் வெளுத்துப்போகும். கிடைத்த அன்றே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஸ்கேனும் செய்துவிடுங்கள்.

அடுத்தது, உரிமம் உங்கள் பேருக்கு மாறியதா என்பது. ‘கடையை சாமான்களுடன் வாங்கிக்கொண்டேன்’ என்று எழுதிய ஒப்பந்தத்தில் மென்பொருள் சேருமா என்று பின்னால் வாதாட வேண்டிவரும். ஒப்பந்தத்தில் தனி அட்டவணை போடுங்கள்: மென்பொருளின் பெயர், பதிப்பு, சீரியல் எண், டாங்கிள் எண், எத்தனை தட்டு. கடைசியில் ஒரு வரி: ‘இவற்றின் நகல் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை, என் கணினிகளிலிருந்து நீக்கிவிட்டேன்.’ அந்த ஒரு வரிக்குத்தான் மதிப்பு அதிகம். ஏனென்றால் பெரும்பாலான உரிம ஒப்பந்தங்கள் மொத்தமாகக் கைமாறினால்தான் மாற்றத்தை ஏற்கும். ஏற்கெனவே கடை கைமாறிவிட்டதா? தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். முன்பு 20 ரூபாய் முத்திரைத்தாள் போதும். 2024 மே முதல் 200 ரூபாய். உயர் நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, அப்கிரேடு பதிப்பு. 6.5-இலிருந்து 7.0-க்கு அப்கிரேடு வாங்கியிருந்தால் 6.5-இன் தட்டும் சீரியலும் சேர்ந்து வந்தால்தான் உரிமம் முழுமை. இரண்டு, விண்டோஸ் ஸ்டிக்கர். கேபினெட்டில் ஒட்டிய ஓஇஎம் உரிமம் (கணினியோடு சேர்த்து விற்கும் உரிமம்) அந்தப் பெட்டியோடு கட்டுண்டது. ஸ்டிக்கரை உரித்துப் புதுக் கணினியில் ஒட்டுவதும், அதிலுள்ள சாவி எண்ணை மெய்நிகர் கணினியில் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியில்) போடுவதும் செல்லாது. பழைய இரும்புக்குப் போகும் பெட்டியிலிருந்து ஸ்டிக்கரை மட்டும் வாங்கிவருவது வீண் செலவு.

2. ‘நின்றுபோனது’ எந்த வகை என்று பாருங்கள்

நான்கு வகை உண்டு. ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குத் தவறாகும்.

முதல் வகை, பெயர் மாறி வாழ்வது. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-இல்; அதன்பின் அடுத்த பதிப்பு இல்லை. ஆனால் உரிமை அடோபியிடம் இருக்கிறது, அதே வேலைக்கு இன்டிசைனை விற்கவும் செய்கிறது. அமெரிக்கக் கணக்குப்படி நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்புக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. கூட்டிப் பார்த்தால் 2096. நம் சட்டத்தில் ஆசிரியர் காலமான பின் 60 ஆண்டு. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உங்கள் கடைக்காலத்தில் முடியாது.

இரண்டாவது, உரிமையாளரே திறந்துவிட்டது. ஜிடபிள்யூ-பேசிக் என்ற பழைய நிரல்மொழி மென்பொருளின் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2020-இலும், எம்எஸ்-டாஸ் 4.00-ஐ 2024 ஏப்ரலிலும், யாரும் பயன்படுத்தலாம், நகல் எடுக்கலாம் என்னும் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டது. இதை வைத்து ‘டாஸ் ஃப்ரீயாகிவிட்டது’ என்று முடிவுகட்டாதீர்கள். திறந்துவிட்ட பதிப்புகளுக்குத்தான் அந்த உரிமம். பலரும் தேடும் 6.22 அதில் இல்லை. விளையாட்டுகளிலும் இதே கதை. டூமின் நிரல் 1997-இல் வெளியானது, ஆனால் அதன் படங்களும் கட்டங்களும் அடங்கிய தரவுக் கோப்பு அந்த விடுதலையில் சேரவில்லை. பதிப்பு எண், கோப்புப் பெயர் வரை பார்த்து ஒத்துப்போனால்தான் ‘இலவசம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இலவசம் போல் தெரிவது. 2013 ஜனவரியில் அடோபி, ஃபோட்டோஷாப் அடங்கிய சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, சீரியல் எண்ணோடு பதிவிறக்கப் பக்கம் ஒன்றைத் திறந்தது. ‘ஃபோட்டோஷாப் இலவசம்’ என்று செய்தி ஊரெல்லாம் பரவியது. ஏற்கெனவே சிஎஸ்2-வை முறையாக வாங்கியவர்களுக்காகத்தான் அது என்று அந்நிறுவனமே விளக்கம் கொடுத்தது. அன்று இறக்கிய தட்டை ‘கம்பெனி கொடுத்தது’ என்று இன்றும் கடைகளில் காட்டுகிறார்கள். பழைய பில் இல்லாமல் அந்தத் தட்டுக்கு மதிப்பில்லை.

நான்காவது, உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாதது. 1990-களில் தமிழ் எழுத்துரு, ஜாதகம், கணக்கு மென்பொருள்களைத் தனி ஆட்களும் சின்னக் கம்பெனிகளும் எழுதி விற்றார்கள். பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். கம்பெனி மூடப்பட்டால் உரிமை காற்றில் கரைந்துபோவதில்லை. வாங்கிக்கொண்டவரிடமோ பங்குதாரரிடமோ வாரிசிடமோ எங்கேயோ இருக்கிறது. இந்த வகைக்குத்தான் படி 6.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய மென்பொருள்களைச் சேமித்துவைக்கும் பெரிய இணையக் காப்பகங்களில் ஒரு பொருள் இருப்பது உங்களுக்கான அனுமதி ஆகாது. ‘அமெரிக்காவில் அனுமதி உண்டு’ என்று காணொலிகளில் சொல்வதும் நமக்குப் பொருந்தாது. அங்கே 2018-இல் நின்றுபோன மென்பொருள்களுக்குக் கிடைத்த விலக்கு நூலகம், ஆவணக்காப்பகம், அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு. அதுவும் பழைய மென்பொருளைப் பாதுகாத்துவைக்க அதன் நகல் தடுப்புப் பூட்டை உடைப்பது பற்றி மட்டும். பிராட்வேயில் இருக்கும் டிடிபி கடை அருங்காட்சியகம் அல்ல, மெஷின்கள் எவ்வளவு பழசாக இருந்தாலும்.

3. உங்களுக்குத் திறந்திருக்கும் கதவுகள்

சட்டத்தின் 52-ஆவது பிரிவைத் தமிழில் சுருக்கமாகச் சொன்னால் இப்படி.

52(1)(ஏஏ): சட்டப்படி நகலை வைத்திருப்பவர், அது எந்த வேலைக்காக வழங்கப்பட்டதோ அந்த வேலைக்குப் பயன்படுத்த நகல் எடுக்கலாம். தொலைதல், அழிதல், சேதமாதலுக்கு எதிரான தற்காலிகப் பாதுகாப்பாக பேக்கப் நகலும் எடுக்கலாம். கடை நடத்துபவருக்கு இதுதான் பிரதானக் கதவு.

52(1)(ஏடி): தானே சட்டப்படி பெற்ற நகலிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு நகல் எடுக்கலாம். வீட்டில் வைத்துப் பழகுபவருக்கு இது பொருந்தும். பில் போட்டுக் காசு வாங்கும் கடைக்குப் பொருந்தாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

52(1)(ஏபி), (ஏசி): வேறொரு நிரலோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, எடுக்கலாம், நிரலின் அடிப்படைக் கருத்தை அறிய அதை ஓட்டிக் கவனிக்கலாம், சோதிக்கலாம். பழைய கோப்பு வடிவத்தைப் படிக்கும் மாற்றி எழுதுபவர்களுக்கு இது உதவும்.

பொறி எங்கே என்றால், சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சிக்கான பொதுவான ‘நியாயமான கையாளல்’ விதி 52(1)(ஏ)-வில் இருக்கிறது. அதிலேயே கணினி நிரல் தவிர்த்து என்று எழுதியிருக்கிறார்கள். புத்தகத்துக்கு ஓடும் வாதம் மென்பொருளுக்கு ஓடாது. நூலகம் மூன்று பிரதி எடுக்கலாம் என்பதும் புத்தகத்துக்குத்தான்.

தண்டனையையும் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின் கீழ் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து 50,000 வரை அபராதத்தோடு விடலாம். கடைக்காரருக்கு இந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். நகல் போட்டு விற்பது 63-ஆவது பிரிவு: 6 மாதம் முதல் 3 ஆண்டு. அது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, பிணை உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் நிலை அதிகாரியே வாரண்ட் இல்லாமல் நகல்களைக் கைப்பற்றலாம்.

4. டாங்கிளை உடைக்கும் முன்

நின்றுபோன மென்பொருளில் பாதித் தகராறு டாங்கிளால்தான் வரும். புதுத் தாய்ப்பலகைகளில் 25 பின் பிரிண்டர் போர்ட் இல்லை. உடனே ‘டாங்கிள் எமுலேட்டர் போட்டுத் தரேன்’ (டாங்கிள் இருப்பதுபோல் மென்பொருளை நம்பவைக்கும் நிரல்) என்று ஒருவர் வருவார். அதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

யூஎஸ்பி-டு-பிரிண்டர் கேபிள் வாங்காதீர்கள். அது பிரிண்டரிடம் மட்டும்தான் பேசும், டாங்கிளைப் பார்க்காது. பிசிஐ அல்லது பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு வாங்குங்கள். சென்ட்ரலைத் தாண்டிப் போனால் ரிச்சி தெருவில் தேடலாம். வேலை செய்யாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் சில டாங்கிள்கள் போர்ட்டின் பழைய முகவரியில் மட்டும்தான் தேடும். பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) பேரலல் போர்ட் முறையை மாற்றிப் பார்ப்பதற்குக் காசு கிடையாது, அதை முதலில் செய்யுங்கள். யூஎஸ்பி டாங்கிள் என்றால் மெய்நிகர் கணினிக்குள் அப்படியே அனுப்பிவிடலாம்.

டாங்கிள்மீது பழி போடும் முன் இன்னொன்று: சில பழைய நிறுவல் நிரல்கள் 16-பிட். அவை 64-பிட் விண்டோஸில் ஓடவே ஓடாது. ‘கிராக் வேண்டும்’ என்று வருபவர்கள் சிலருக்கு உண்மையில் வேண்டியது 32-பிட் சிஸ்டம் ஒன்று.

எல்லாம் செய்தும் டாங்கிள் செத்துவிட்டது என்றால் 65ஏ பிரிவைப் படியுங்கள். உரிமையை மீறும் எண்ணத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடை செய்யாத நோக்கத்துக்காக என்றால் விலக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: அடுத்தவருக்காகப் பூட்டைத் திறந்து கொடுப்பவர், யாருக்காக, எதற்காகச் செய்தார் என்பதைப் பெயர், முகவரி முதலிய விவரங்களோடு எழுதிவைக்க வேண்டும். ஆகவே உங்கள் பெயர், பில், உரிமம் எதையும் கேட்காமல் ‘ஐந்து நிமிஷம், முடிச்சிரலாம்’ என்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் சட்டத்தைத் தெரியாதவர், அல்லது தெரிந்தும் கவலைப்படாதவர். அவர் கொண்டுவரும் பென் டிரைவில் வேறு என்ன வருகிறது என்பது தனி விஷயம். பூட்டை உடைக்கும் பழைய கிராக், போலிச் சீரியல் எண் தரும் கீஜென் கோப்புகள் வைரஸின் விருப்பமான வாகனம்.

5. நகல் எடுக்கும் வேலை

வேண்டியவை: யூஎஸ்பி டிவிடி டிரைவ், ஃபிளாப்பி இருந்தால் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் (இவை ஒவ்வொன்றும் சுமார் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகலாம்), பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டர், புது எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு, லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்று.

டக் டக் என்று அடிக்கும் ஹார்டு டிஸ்க்கை முதலில் எடுங்கள். அதை மறுபடி மறுபடி பூட் செய்து ‘இன்னும் ஒரு ஃபைல் மட்டும்’ என்று எடுப்பதுதான் அதைக் கொல்லும். கழற்றுங்கள், ஜம்பரை மாஸ்டரில் வையுங்கள், அடாப்டரில் மாட்டி லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பமாக (அச்சு அசலான ஒரே கோப்பாக) எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்பு கொடுத்து ஓட்டினால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல டிஸ்க் சில மணி நேரத்தில் முடியும். கெட்டது இரண்டு நாள்கூட இழுக்கும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

ஃபிளாப்பி: காசிமேடு, ராயபுரம் பக்கம் கடல் காற்றில் வருடக்கணக்காகக் கிடந்த ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கும். ஷட்டரை நகர்த்தி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல தட்டையும் கீறிவிடும். மூலையிலுள்ள எழுது-தடுப்புத் துளை திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் தவறி எதுவும் எழுதப்படாது. சரியாக எடுத்த 1.44 எம்பி பிம்பம் 14,74,560 பைட் இருக்கும். குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது. நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே கெட்ட செக்டர் வைத்த தட்டுகள் சாதாரண டிரைவில் முழுதாக வராது, அதைத் தட்டின் கோளாறு என்று நினைத்துச் சுரண்டாதீர்கள்.

சிடி: அடிப்பக்கக் கீறலை மன்னிக்கலாம், லேபிள் பக்கக் கீறலை முடியாது, தரவு இருக்கும் படலம் அந்தப் பக்கம்தான். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து ஐஎஸ்ஓ பிம்பமாக எடுங்கள். கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் சில நிறுவல் நிரல்கள் ‘அசல் தட்டைப் போடு’ என்று அடம்பிடிக்கும்.

எடுத்த ஒவ்வொரு பிம்பத்துக்கும் ஷா-256 கைரேகை (கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறி) எடுங்கள். செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலது க்ளிக்கிலேயே வரும். அந்த 64 எழுத்தையும் ஒரு நோட்டில் பதியுங்கள்: தேதி, எந்தத் தட்டிலிருந்து, சீரியல் எண், யார் எடுத்தது, எங்கே வைத்திருக்கிறது. இந்த நோட்டால் இரட்டைப் பயன். ஆறு மாதம் கழித்துக் கோப்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். யாராவது கேட்டால், இது பாதுகாப்புக்கு எடுத்த பேக்கப் என்று காட்டவும் எழுத்து இருக்கும்.

எத்தனை நகல் என்று சட்டம் எண் சொல்லவில்லை. கடையில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று போதும். ‘வேறு இடம்’ மாடியாக இருக்கட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வடசென்னையில் எத்தனை தரைத்தளங்களுக்குள் தண்ணீர் வந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் தெரியும். ஆபரேட்டரின் வீட்டு லேப்டாப் மூன்றாவது இடம் ஆகாது. அது பேக்கப் இல்லை, பகிர்வு.

நகல் எடுத்ததும் அசல் தட்டை விற்பது, கொடுப்பது, குப்பையில் போடுவது எதுவும் கூடாது. உங்கள் பேக்கப்புக்கான உரிமை அந்த அசலோடு வந்தது. பிறகு கடையை விற்றால் நகல்களையும் சேர்த்துக் கொடுங்கள், அல்லது அழித்துவிடுங்கள். எக்ஸ்பி சிஸ்டத்துக்கு 2014 ஏப்ரலுக்குப் பின் ஆதரவு இல்லை. நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டே ஓட்டுங்கள்.

6. உரிமையாளரைத் தேடி எழுதுவது

பேக்கப் போதாது, இன்னொரு கணினியிலும் போட வேண்டும், டாங்கிள் இல்லாமல் ஓட வேண்டும், அல்லது அந்தத் தமிழ் மென்பொருளைப் பலருக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றால் அனுமதி வேண்டும்.

தேடும் இடங்கள்: நிரலின் ‘அபவுட்’ பெட்டி, கையேட்டின் கடைசிப் பக்கம், எழுத்துருக் கோப்பின் பண்புகள் (வலது க்ளிக், விவரங்கள்). கம்பெனி பெயர் கிடைத்தால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடிப்படை விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம்: இயங்குகிறதா, நீக்கப்பட்டதா, வேறொன்றோடு இணைந்ததா என்று தெரியும். 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்களையும் பார்க்கலாம். பதிப்புரிமை அலுவலகப் பதிவேட்டிலும் வணிகக்குறிப் பதிவேட்டிலும் ஒருமுறை தேடுங்கள். பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆகவே அங்கே இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது.

கடிதத்தில் எழுத வேண்டியவை: பெயர், பதிப்பு, உங்கள் சீரியல் எண், பில் நகல், என்ன வேண்டும், எத்தனை கணினி, எத்தனை ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு கொடுக்கத் தயார். ‘பயன்படுத்த அனுமதி தரவும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். ‘கெட்டுப்போன டாங்கிளுக்குப் பதிலாகத் திறப்புச் சாவியோ டாங்கிள் கேட்காத பதிப்போ தரவும்’ என்று கேளுங்கள். எழுதியவரின் பழைய டிஸ்க்கில் அது இருக்கலாம்.

காலத்தை எழுதுவது முக்கியம். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 30-ஆவது பிரிவு. அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 30ஏ வழியாக 19(5) வந்து 5 ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளப்படும். ‘தாராளமா யூஸ் பண்ணிக்கோங்க தம்பி’ என்று போனில் சொன்னது எழுத்து இல்லை. பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலாக அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்கிவிடுங்கள். எழுதியவர் காலமாகிவிட்டால் உரிமை வாரிசுகளுக்குப் போயிருக்கும். மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, எல்லா வாரிசுகளும் போட வேண்டும்.

ராஜாஜி சாலைப் பெரிய தபால் ஆபீசிலிருந்து ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். 30 நாள் பொறுத்து ஒரு நினைவூட்டல், இன்னொரு 30 நாள். பதிலே வரவில்லை என்றால்? மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் செல்லலாம், பதிப்புரிமையில் செல்லாது. உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புகளுக்கு 31ஏ பிரிவில் கட்டாய உரிமம் கேட்டு நீதிமன்றம் போக வழி இருக்கிறது. அதற்கு முன் நாடு முழுக்கப் பரவலாகப் போகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒரு கடையின் ஒரு கணினிக்காக இதைச் செய்வது கட்டுப்படியாகாது. பழைய தமிழ் அகராதி மென்பொருளை மறுபடி வெளியிட நினைக்கும் அமைப்புகள் யோசிக்கலாம்.

7. எழுத்துரு: எல்லோரும் சறுக்கும் இடம்

எழுத்துருக் கோப்பும் மென்பொருள்தான். பிளேட் போடும் கடைக்கு வேலையை அனுப்பும்போது ஃபான்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புவது இங்கே பழக்கம். ஒவ்வொரு முறையும் அது ஒரு புது நகல். அந்தக் கடையிலிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று அது போய்க்கொண்டே இருக்கும். எழுத்துக்களைக் கர்வ் செய்து (கோட்டு வடிவமாக மாற்றி) அனுப்புங்கள், அல்லது எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் அனுப்புங்கள். கர்வ் செய்த பின் திருத்தம் வந்தால் முடியாது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. சீக்கிரம் வெளியே வாருங்கள்

நகல் எடுத்ததெல்லாம் அவகாசம் வாங்குவதற்குத்தான். மென்பொருள் அடுத்தவருடையது, அதில் செய்த பத்திரிகையும் நோட்டீசும் உங்களுடையது, வாடிக்கையாளருடையது. அதை எடுத்து வருவதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

பேஜ்மேக்கர் கோப்பை லிப்ரே ஆஃபீஸ் டிரா திறக்கும். 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. பக்க அமைப்பு கொஞ்சம் குலையும், பெட்டிகள் நகரும். பில் புக்குக்குப் போதும், 200 பக்க மலருக்குப் போதாது. இன்டிசைன் சிஎஸ்6, பேஜ்மேக்கர் 6.0 முதல் 7.0 வரையான கோப்புகளைத் திறக்கும். பின்னால் வந்த சிசி பதிப்புகளில் அது இல்லை. சிஎஸ்6-உம் இன்று நின்றுபோன சரக்கு. அதைத் தேடினால் மறுபடி படி 1.

எழுத்துக் குறியீட்டைத் தனியாக மாற்ற வேண்டும். டாம், டாப், டிஸ்கி, பாமினி, வானவில் என்ற பழைய குறியீடுகளில் எது என்று தெரிந்துகொண்டு என்எச்எம் கன்வெர்ட்டரிலோ, திறமூலமான ஓப்பன்-தமிழ் நிரலிலோ யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் கண்ணால் பார்க்க வேண்டிய இடங்கள்: கால் போட வேண்டிய இடத்தில் ‘ர’ தட்டியது, கௌ-வில் ‘ள’ தட்டியது, ஸ்ரீ, ஒற்றை மேற்கோள் குறிகள். பழைய ஆபரேட்டர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் விட்டுவிடுவார்கள், கணினி விடாது. ஒரு நாளைக்கு முப்பது கோப்பு என்று வைத்து, தேர்த் திருவிழா நோட்டீஸ் மாதிரி வருடாவருடம் திரும்பி வரும் வேலைகளை முதலில் மாற்றுங்கள். மற்றதற்கு பிடிஎஃப் போதும். பழைய எழுத்துருவில் எடுத்த பிடிஎஃப்பில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஆகவே கோப்பின் பெயரிலேயே வாடிக்கையாளர் பெயரும் ஆண்டும் இருக்கட்டும்.

புது வேலைகளுக்குப் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ், படம் வரைய இன்க்ஸ்கேப் என்ற மென்பொருள்கள் இருக்கின்றன. காசு இல்லை, டாங்கிள் இல்லை. கை பழக மாதம் ஒன்று ஆகும். ஆபரேட்டர் முதல் வாரம் முணுமுணுப்பார்.

9. அடுத்தவர் கேட்டால்

‘உன்கிட்ட இருக்கிற பிஎம்7 தட்டைக் கொஞ்சம் கொடு’ என்று பக்கத்துக் கடை அண்ணன் கேட்பார். மறுப்பது சங்கடம்தான். சட்டப்படி உங்கள் பேக்கப் அவருக்குப் போகாது. வியாசர்பாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துபவர் இருபது சிஸ்டத்துக்கு என்று கேட்டாலும் அதே பதில்.

நியாயம் என்று பார்த்தால் எல்லாம் ஒரே எடை இல்லை என்பது என் எண்ணம். உரிமையாளர் எங்கே என்றே தெரியாத ஒரு நிரலில், பில்லோடு வாங்கியவர் தன் பழைய கோப்பைத் திறக்க வழி தேடுவது ஒன்று. இன்றும் இதே ஊரில் எழுத்துரு வரைந்து, உரிமம் விற்றுப் பிழைப்பவரின் தொகுப்பை ‘பழைய வெர்ஷன்தானே’ என்று போட்டுக்கொண்டு தினமும் சம்பாதிப்பது வேறு. பெரிய கம்பெனிக்கு ஒரு நகல் போனால் தெரியாது. அவருக்கு ஒரு தெரு முழுக்க நகல் போனால் கடை மூட வேண்டியதுதான். அப்படி யாராவது இன்னும் விற்கிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பழைய பதிப்பின் பில்லைக் காட்டினால் புதியதற்கு விலை குறைப்பார்களா என்றும் சேர்த்தே கேளுங்கள். ‘எல்லா சாஃப்ட்வேரும் ஒரே பென் டிரைவில்’ என்று விற்பவரை ஆதரிக்க எந்த நியாயமும் இல்லை.

பக்கத்துக் கடை அண்ணனுக்குக் கொடுக்கத் தட்டு இல்லாவிட்டாலும் வேறு உதவி செய்யலாம். அவருடைய கோப்புகளை உங்கள் சிஸ்டத்தில் திறந்து பிடிஎஃப்பாக மாற்றிக் கொடுக்கலாம். அது நீங்கள் உரிமம் வைத்திருக்கும் மென்பொருளில் செய்யும் சாதாரண ஜாப் வேலை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பில்லும் போட்டுக்கொள்ளலாம். வரும்போது கோப்போடு அவருடைய ஃபான்ட் பட்டியலை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஃபான்ட் கோப்பு வேண்டாம், பட்டியல் போதும். உங்களிடம் இல்லாத எழுத்துரு இருந்தால் அந்தப் பக்கங்களை மட்டும் அவருடைய சிஸ்டத்திலேயே பிடிஎஃப் எடுத்து வரட்டும்.